அவள் காதுக்குப் போன ஒலி

நான் ஒரு தொலைக்காட்சியில் சவுண்ட் ஆள். பதினாறு வருடமாக மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் பிழைப்பு. எங்கள் ஸ்டூடியோ ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது மருந்துக் கிடங்கு. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு ஒட்டி, கதவு இடுக்கெல்லாம் ரப்பர் வைத்து அடைத்திருப்பதால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது. உச்சி வெயிலில் படியிறங்கினாலும் அங்கே இருட்டுதான். அந்த இருட்டுக்கு நான் பயந்ததே கிடையாது. இப்போது பயப்படுகிறேன். ஏன் என்று சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அன்று பகல் இரண்டு மணிக்கு ஒரு விவாதம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தலைப்பு, 'காவலில் மரணம்: பொறுப்பு யாருக்கு?' எட்டு மாதத்துக்கு முன்னால் இருபத்து மூன்று வயது மெக்கானிக் ஒருவன் விசாரணைக்கென்று காவல் நிலையத்துக்குப் போய், மறுநாள் பிணமாக வெளியே வந்தான். நெஞ்சுவலி என்றார்கள். அப்படியானால் முதுகில் இருந்த காயங்கள்? வழுக்கி விழுந்தான் என்றார்கள். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் நிகழ்ச்சித் தலைவருக்கு அது நல்ல காலம். எடிட்டிங்கில் எதையும் ஈவிரக்கம் இல்லாமல் வெட்டுவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் கத்தரி. அவர் இல்லாத நேரத்தில் மட்டும் கூப்பிடுவோம்.

பேச வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அந்தக் காவல் நிலையத்தின் ஆய்வாளராக இருந்தவர். சம்பவம் நடந்த இரண்டாம் மாதம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று, இப்போது எந்தச் சேனலைத் திருப்பினாலும் உட்கார்ந்திருப்பவர். இன்னொருவர் இறந்தவனுக்காக வழக்காடும் வக்கீலம்மா. மூன்றாவது ஆள் இறந்தவனின் அம்மா.

அம்மாவை மட்டும் தனியாக மேக்கப் அறையில், ஒரு கேமரா முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். "நேருக்கு நேர் விட்டா செருப்பைக் கழட்டிடும்" என்றார் கத்தரி. அது பாதி உண்மை. ஆய்வாளர் பேசும்போது அவள் முகம் போகும் போக்கைத் திரை முழுக்கக் காட்ட வேண்டும், அதுதான் மீதி.

அவள் காதில் சின்ன ஸ்பீக்கரை மாட்டிவிடப் போனேன். துணி கம்பெனியில் பட்டன் தைக்கிறவள். வலது கட்டைவிரல் நகம் கறுத்துச் செத்துப்போயிருந்தது. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, யாரும் கொடுக்காத தண்ணீருக்குக் காத்திருந்தாள். நான்தான் பாட்டிலைக் கொடுத்தேன்.

"தம்பி, இதுல அவர் பேசறது எனக்குக் கேக்குமா?"

"பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்கும்மா."

"நல்லா கேக்கணும். கடைசியா என் புள்ள என்ன சொன்னான்னு அவரைக் கேக்கணும். எட்டு மாசமா எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். நெஞ்சுவலின்னு ஒரு பேப்பரைத்தான் காட்டறாங்க. சாகப் போறவன் ஒரு வார்த்தை கூடவா சொல்லியிருக்க மாட்டான்?"

நான் ஒயரை அவள் தோளுக்குப் பின்னால் விட்டேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான்தான் தம்பி கூட்டிட்டுப் போய் விட்டேன். இவர்தான் ஃபோன்ல சொன்னார். 'கூட்டிட்டு வாங்கம்மா, பத்து நிமிஷம் விசாரிச்சிட்டு அனுப்பிடறேன், யாரும் கை வைக்க மாட்டாங்க'ன்னு. அவன் வர மாட்டேன்னான். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்."

சத்தத்தைக் கூட்டியே வைக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பதிவு தொடங்கும் முன் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் அரை நிமிடம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அந்த அறையின் வெறும் மௌனத்தைப் பதிந்துகொள்வேன். பிறகு எடிட்டிங்கில் எங்காவது வெட்டினால் அந்த இடத்தில் இதை ஒட்டிப் பூசிவிடலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மைக்காகக் கேட்டேன். நெறியாளர் மைக்கில் வயிறு இரைவது கேட்டது. வக்கீலம்மா மைக்கில் வளையல். ஆய்வாளரின் சட்டையில் மாட்டிய மைக்கில் மூச்சு. மூக்கு வழியாக, நிதானமாக, சாப்பிட்டுவிட்டு வந்த மனிதனின் மூச்சு.

அதற்கு அடியில் இன்னொரு மூச்சு.

அது வாய் வழியாக வந்தது. மூக்கு உடைந்தவன் விடுகிற மூச்சு. இழுக்கும்போது ஏதோ ஈரம் கொரகொரத்தது.

மைக் பழுது என்று நினைத்தேன். போய் பேட்டரியை மாற்றினேன். போகவில்லை. மைக்கையே மாற்றினேன், காலையில் பெட்டியிலிருந்து எடுத்த புது மைக். ஆய்வாளர் சிரித்தபடி நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். "என்ன தம்பி, என் குரல் உங்க மிஷினுக்குப் புடிக்கலையா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன். திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினால், அதே மூச்சு. கோளாறு மைக்கில் இல்லை, மனிதரிடம் இருந்தது.

பதிவு தொடங்கியது.

வக்கீலம்மா நன்றாகவே பேசினார். நிலையத்தில் ஒன்பது கேமரா இருக்க, சரியாக அவன் உள்ளே இருந்த பதினோரு மணி நேரம் மட்டும் ஒன்பதும் எப்படிப் படுத்துக்கொண்டன என்று கேட்டார். அடித்தவர்களைப் பற்றி அடித்தவர்களே விசாரித்தால் அது என்ன விசாரணை என்று கேட்டார். ஆய்வாளர் அவசரப்படாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போலீசுக்கும் குடும்பம் இருக்கு மேடம். ராத்திரி பகலா உழைக்கிறோம். ஒரு தப்பு நடந்தா மொத்த டிபார்ட்மென்ட்டையும் கொலைகாரன்னு சொல்லுவீங்களா?" என்றார். கேட்டுக்கொண்டிருந்த கேமராமேன் தலையாட்டினான்.

ஆய்வாளர் பேசி முடித்துத் தண்ணீர்க் கிளாஸை வாயில் வைத்தார்.

அவர் மைக்கில் ஆய்வாளரின் குரல் கேட்டது.

"ரேடியோவைக் கூட்டு."

மானிட்டரில் பார்த்தேன். அவர் உதடு கிளாஸின் விளிம்பில் இருந்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு கதவு சாத்தப்பட்டது. ரேடியோவில் யாரோ குதூகலமாக விளம்பரம் சொன்னார்கள். பிறகு பெல்ட் விழும் சத்தம். அதை நான் விவரிக்கப்போவதில்லை. பதினாறு வருடம் ஒலியோடு வாழ்ந்தவனுக்கு, துணி மேல் விழும் அடியும் தோல் மேல் விழும் அடியும் வேறு வேறு என்று தெரியும். நான் உட்கார்ந்திருந்த கன்ட்ரோல் அறையில் எங்கிருந்தோ கிரீஸ் வாடை அடித்தது. கூடவே மூத்திர வாடை.

"சார்... சார்..."

சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. ஆனால் பெரியவன்தான். வலியில் எல்லாருக்கும் குரல் சிறுத்துவிடும்போல.

ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ஃபேடர் உண்டு. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் ஒன்றும் கேட்காது. ஆய்வாளரின் ஃபேடரை முழுசாகக் கீழே இழுத்தேன். அவர் பேசும்போது மட்டும் ஏற்றுவேன், வாயை மூடியதும் இறக்குவேன். நிகழ்ச்சிப் பதிவில் ஒரு பொட்டுச் சத்தம் ஏறாமல் பார்த்துக்கொண்டேன். என் ஹெட்போனில் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது. அதையும் கழற்றியிருக்கலாம். வேலை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு கேட்டேன்.

"அம்மா சொல்லிச்சு சார்."

அடி.

"அடிக்க மாட்டீங்கன்னு அம்மா சொல்லிச்சு சார்."

அடி.

"அம்மா சொல்லித்தான் சார் வந்தேன்."

அப்போதுதான் இன்னொரு மானிட்டரைப் பார்த்தேன். மேக்கப் அறையில் அந்த அம்மா எழுந்து நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் காது ஸ்பீக்கரை அழுத்திப் பிடித்திருந்தாள்.

நான் ஃபேடரை இறக்கினால் வெளியே போகிற ஒலிதான் நிற்கும். அவள் காதுக்குப் போகிற வழி வேறு. அது ஃபேடருக்கு முன்னாலேயே பிரிந்து போய்விடுகிறது. தொழில் தெரிந்த எவனும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம். பதினாறு வருடம் கழித்து நான் அதை மறந்தேன். முதல் மூச்சிலிருந்து எல்லாமே அவளுக்கும் கேட்டிருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தவனும் நானேதான்.

அதை நிறுத்த ஒரு பொத்தான் போதும். விரலை வைத்தேன்.

அவள் நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"தம்பி, அதை நிறுத்திராதப்பா."

என்னைத்தான் சொன்னாள். நான் விரலை எடுத்துவிட்டேன்.

நெறியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாய்ப்பை விடுகிற ஆள் இல்லை அவர். குரலைக் குழைத்துக்கொண்டு, "அம்மா, உங்க மகனை நீங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஒப்படைச்சீங்க. இப்ப அதை நினைச்சா உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சும்மா இருங்க. என் புள்ள பேசறான்."

ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டினார். "பாவம். புத்தி பேதலிச்சுப் போச்சு. இந்த நிலைமையில இருக்கறவங்களைக் கூட்டிட்டு வரலாமா?" என்றார் நெறியாளரிடம், ரொம்பப் பெருந்தன்மையாக.

அவள் அவரைச் சட்டை செய்யவில்லை. காதை அழுத்தியபடி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாண்டா... அம்மாதாண்டா சொன்னேன்... அழாத... அம்மா இங்கதான் இருக்கேன்." பேசுவாள், நிறுத்துவாள், அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்பாள். மறுபடி பேசுவாள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதனால் முடிவில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

நாலு நிமிடம் கழித்து அவள் காதிலிருந்து ஸ்பீக்கரை எடுத்தாள். புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

"முடிஞ்சிருச்சு" என்றாள்.

பிறகு கேமராவைப் பார்த்து, எந்த ஆத்திரமும் இல்லாமல் கேட்டாள். "சார், கதவைச் சாத்திட்டு ரேடியோவைக் கூட்டச் சொன்னீங்களே. அவ்ளோ சத்தமாவா இருந்துச்சு என் புள்ள குரல்?"

ஆய்வாளரின் கை கிளாஸைத் தட்டிவிட்டது. "ரேடியோ விஷயம் உனக்கு எவன் சொன்—"

பாதியில் வாயை மூடிக்கொண்டார். வக்கீலம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அத்தனை பேருக்கும் அது கேட்டது. இந்த வழக்கு முடிந்தது, இந்த மனிதர் மாட்டினார் என்று நான் மனசார நம்பினேன். அவ்வளவு வருடம் அந்த அடித்தளத்தில் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

கத்தரி தன் வேலையைக் காட்டினார். ஆய்வாளர் அவரோடு அறைக்குள் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தார், அவ்வளவுதான். ஒளிபரப்பில் ரேடியோ கேள்வி இல்லை. ஆய்வாளர் உளறியதும் இல்லை. அந்த இடங்களில் நான் பதிந்த அரை நிமிட மௌனத்தை ஒட்டிப் பூசியிருந்தார்கள். 'என் புள்ள பேசறான்' மட்டும் இருந்தது. மறுநாள் அதற்குப் பின்னணி இசை சேர்த்து ஊரே சிரித்தது.

மூலப் பதிவை அழிக்கச் சொன்னார் கத்தரி. அழிப்பதற்கு முன் தனியாக உட்கார்ந்து ஃபேடருக்கு முன்னாலேயே தனியாகப் பதிவாகும் ஆய்வாளரின் மைக் பதிவை மட்டும் கேட்டேன். அதில் அவர் மூச்சு இருந்தது, அவர் பேச்சு இருந்தது. இரண்டாவது குரல் எங்கேயும் இல்லை. ஆனால் ரேடியோ பற்றிய உளறல் தெள்ளத்தெளிவாக இருந்தது. ஒரு நகல் எடுத்து வக்கீலம்மாவிடம் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நான் அழித்தேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை நீதிபதியிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ரேடியோ உளறலைப் பற்றி வக்கீலம்மா மனுக் கொடுத்திருந்தார். அப்படி ஒரு வார்த்தையே வரவில்லை என்று நெறியாளரும் கத்தரியும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவின் சாட்சியம் தள்ளுபடியாகும் நிலையில் இருந்தது. மனநிலை சரியில்லாதவள் என்று எதிர்த்தரப்பு எங்கள் நிகழ்ச்சியையே போட்டுக் காட்டியிருந்தது. 'ஹெட்போன் போட்டிருந்த தம்பிக்கும் கேட்டுச்சு, அவரைக் கேளுங்க' என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் ஆமாம் என்றால் அவள் பைத்தியம் இல்லை. அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம் இருந்தது.

கிளம்பும் முன் கத்தரி கூப்பிட்டார். "உன் வேலையே காதால கேக்கறதுதான். இல்லாத சத்தம் கேக்குதுன்னு சொல்றவனை எந்தச் சேனல்காரன் வேலைக்கு வெச்சுப்பான்? யோசிச்சுப் பேசு."

விசாரணை அறை வாசலில் ஆய்வாளர் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். என் தோளில் கை போட்டார். கை கனமாக, சூடாக இருந்தது. "தம்பிக்குப் பொண்ணு ஒண்ணு இருக்காமே. எத்தனாவது படிக்கிறா?"

"ஆறாவதுங்க."

"நல்லா படிக்க வைங்க."

உள்ளே மின்விசிறி கடகடத்தது. தட்டச்சுக்காரர் விரலைத் தயாராக வைத்திருந்தார். ரேடியோ என்ற பேச்சு அன்று வந்ததா என்று கேட்டார் நீதிபதி. வரவில்லை என்றேன். முன்வரிசையில் வக்கீலம்மா தலை குனிந்துகொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தார்.

"அந்தம்மா மகனோட குரல் கேட்டதுன்னு சொல்றாங்க. உங்க ஹெட்போன்ல அப்படி ஏதாவது கேட்டுச்சா?"

அவள் பெஞ்சில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு நம்பிக்கை. பாட்டிலில் தண்ணீர் கொடுத்தவன் அல்லவா நான்.

"எதுவும் கேக்கலைங்க" என்றேன்.

தட்டச்சு இயந்திரம் அதை அடித்து முடித்தது.

வெளியே படிக்கட்டில் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நகர்ந்து எனக்கு வழி விட்டாள்.

"கடைசி வரைக்கும் அவன் என்னைத் திட்டவே இல்ல தம்பி" என்றாள். "திட்டியிருந்தா தேவலை."

அடுத்த மாதம் ஆய்வாளர் வேறொரு விவாதத்துக்கு வந்தார். நான்தான் மைக் மாட்டினேன். அரை நிமிட மௌனத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவர் மூச்சு மட்டும்தான். மூக்கு வழியாக, நிதானமாக. அடியில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த மாதிரி சுத்தம். அவர் முகத்தில்கூட ஒரு தெளிவு வந்திருந்தது. இரண்டு கிலோ ஏறியிருப்பார். விட்டது பீடை என்று நினைத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

சில நாளாக நெஞ்சில் ஏதோ கனம். வலி இல்லை, யாரோ உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருப்பது மாதிரி. மனைவி நச்சரித்ததால் காலையில் எங்கள் தெரு முனையில் இருக்கும் டாக்டரிடம் போனேன். கூட்டம் இருந்தது. வெளியே நல்ல வெயில். டாக்டர் கலகலப்பான மனிதர். "ஊர்ச் சத்தத்தை எல்லாம் நீங்க கேக்கறீங்க, உங்க சத்தத்தை நான் கேக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே குழாயைக் காதில் மாட்டி, வில்லையை என் நெஞ்சில் வைத்தார்.

"மூச்சை இழுத்து விடுங்க."

விட்டேன்.

"பேசாதீங்க."

"நான் பேசலையே டாக்டர்."

அவர் வில்லையை இடம் மாற்றி வைத்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மறுபடி குனிந்து, என் நெஞ்சில் அழுத்தினார். அவர் உதடு லேசாக அசைந்தது. கேட்பதை ஒவ்வொரு சொல்லாகத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறவர் மாதிரி.

"டாக்டர்... என்ன சொல்றான்?"

அவர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சீட்டை இழுத்து ஏதோ எழுதினார். வெளியே பெஞ்சு நிறையக் காத்திருக்கும் நோயாளிகளை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"எதுவும் கேக்கல. எல்லாம் நார்மல். போயிட்டு வாங்க."

தெருவில் இறங்கிப் பத்தடி நடந்திருப்பேன். நெஞ்சு லேசாக இருந்தது. எவ்வளவோ நாளாகச் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வாங்கிக்கொண்ட மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. திரும்பி ஓடினேன்.

டாக்டரின் கதவு பாதி திறந்திருந்தது. அவர் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, வில்லையைத் தன் சட்டைக்குள் விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார்.